தட்டில் மிஞ்சிய எலும்பும் சனிக்கிழமைப் பார்சலும்

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி இரண்டாவது ஞாயிறு. மதியம் எல்லோரும் சாப்பிட்டு எழுந்ததும், ஐந்து தட்டிலும் கிடந்த எலும்பை ஒரு கிண்ணத்தில் வழித்துப் போட்டுத் தராசில் வைத்தேன். 415 கிராம் காட்டியது. காலையில் கடையில் வாங்கியது ஒன்றேகால் கிலோ. மூன்றில் ஒரு பங்கு நேராகத் தெரு நாய்க்கு.

"என்னம்மா, எச்சிலையெல்லாம் தராசுல வைக்கிற?" என்றார் அத்தை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அது முறுக்கு மாவு நிறுக்கிற தராசு. அடியில் பேப்பர் போட்டிருக்கிறேன் என்று சமாதானம் சொன்னேன்.

எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை. பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரிக் கம்பெனியில் மார்ச் மாதக் கணக்கை முடித்த கையோடு வீட்டுக் கணக்கையும் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருந்தேன். அரிசி, பால், கேஸ் எல்லாம் நான் நினைத்த இடத்தில் இருந்தன. கோழி மட்டும் நாலாயிரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அது சாதாரண மாதத்துக் கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப் படகுக்காரர்கள் கொண்டுவருகிற கொஞ்ச மீனுக்குக் கடலூர் முதுநகர்த் துறைமுகத்திலேயே போட்டி நடக்கும். நாங்கள் இருக்கிற மஞ்சக்குப்பத்துக்கு வந்து சேரும்போது விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டியதுதான். மீன் நாளெல்லாம் கோழி நாளாக மாறிவிடும். கோழிக்காரரும் அதைத் தெரிந்து வைத்திருப்பார்.

அப்போது எங்கள் வாரக் கணக்கு இப்படி இருந்தது. ஞாயிறு குழம்புக்கு ஒன்றேகால் கிலோ, கிலோ 240 வீதம் 300 ரூபாய். புதன் இரவு சப்பாத்திக்கு போன்லெஸ் அரை கிலோ, 180. சனி இரவு பெரியவனுக்காக வெளியிலிருந்து பார்சல்: இரண்டு பிரியாணி, ஒரு சிக்கன் 65, சேர்த்து 480. மொத்தம் 960. செவ்வாயும் வெள்ளியும் அத்தை கணக்கில் சைவம் என்பதால் தப்பித்தோம்.

சரி, அந்த 415 கிராமுக்கு வருவோம். கிளறிப் பார்த்தால் அது முழுக்க எலும்பு இல்லை. முதுகுத் துண்டு, கழுத்து, விலாப் பக்கத்துச் சில்லுகள் எல்லாம் கறியோடு அப்படியே கிடந்தன. கடையில் மரக்கட்டைமேல் கோழியை வைத்துக் கத்தியால் கொத்துகிற வேகத்தில் எலும்பு நொறுங்கி, ஊசி மாதிரிச் சில்லுகள் கறியில் ஏறிவிடுகின்றன. எங்கள் சின்னவளுக்கு ஒரு சில்லு பல்லில் பட்டுவிட்டால் போதும், தட்டை நகர்த்தி வைத்துவிடுவாள். ஆக, கிலோ 240 கொடுத்து வாங்கியதில் ஒரு பகுதியை யாருமே சாப்பிடவில்லை. அந்த எலும்பிலிருந்து இறங்க வேண்டிய சாறும் இருபது நிமிஷக் குழம்பில் இறங்கவில்லை. புதன்கிழமை வேறொரு கோழியின் நெஞ்சுக்கறிக்குக் கிலோ 360 கொடுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிறு வாங்கிய கோழிக்கும் நெஞ்சு இருந்ததே.

வாரத்துக்கு ஒரு முழுக் கோழி, அதைத் துண்டு போடுவது நாம். இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு விதி வைத்துக்கொண்டேன். கறி சாப்பிடுகிற நாள் எண்ணிக்கை குறையக் கூடாது. யார் என்ன குறை சொன்னாலும் நோட்டில் எழுத வேண்டும்.

அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்கே கடையில் நின்றேன். எட்டு மணிக்கு மேல் போனால் அந்தத் தம்பியிடம் பேசவே முடியாது.

"எத்தன பீஸ் போடட்டும்க்கா?"

"பீஸ் போடாத தம்பி. முழுசாவே குடு."

"கிரில்லுக்கா?"

"குழம்புக்குத்தான்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "வீட்ல வெட்ட முடியலன்னு திரும்பத் தூக்கிட்டு வராதீங்கக்கா. இன்னும் அர மணி நேரத்துல இங்க நிக்க இடமிருக்காது."

பலகையில் உயிர் எடை 150, கறி 240 என்று எழுதியிருந்தது. இத்தனை வருஷமாகக் கறி விலையைத்தான் பார்த்து வாங்கியிருக்கிறேன். 150-ஐ 240-ஆல் வகுத்தால் 0.625. அதாவது, கோழியின் உயிர் எடையில் நூற்றுக்கு அறுபத்திரண்டரைக்கு மேல் கறி தேறினால் உயிர் எடைக்கு வாங்குவதுதான் லாபம். நான் எடுத்த கோழி 2.2 கிலோ. தோல் உரித்துச் சுத்தம் செய்த பின் ஈரல், இரைப்பை, கழுத்து எல்லாம் சேர்த்து 1.45 கிலோ தேறியது. நூற்றுக்கு 66. கறி விலையில் 348 கொடுத்திருக்க வேண்டும். உயிர் எடைக்கு 330 கொடுத்தேன். பதினெட்டு ரூபாய்தான், பெரிய தொகை இல்லை. அதற்கு அடுத்த வாரம் ஒன்றரைக் கிலோக் கோழிதான் இருந்தது. அதில் 61-தான் தேறியது, லாபம் நஷ்டமாகிவிட்டது. சின்னக் கோழியில் தலை, கால், குடல், இறகுக்குப் போகிற பங்கு கூடுதல். அதனால் இரண்டு கிலோவுக்குக் குறைந்தால் கறி விலைக்கே வாங்கிவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

வீட்டில் என் கத்தி பிரயோஜனப்படவில்லை. காய் நறுக்குகிற கத்தி, கோழியின் தொடையில் வைத்தால் வழுக்கியது. ஐந்து நிமிஷம் என் அவஸ்தையைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, அரிவாள்மனையை எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேவனாம்பட்டினத்தில் பிறந்தவர். வஞ்சிரம், சுறா எல்லாம் அந்த அரிவாள்மனையில் துண்டு போட்ட கை.

"எலும்பப் பாக்காத. மூட்டப் பாரு," என்றார்.

தொடையை உடம்பிலிருந்து வெளிப்பக்கமாக இழுத்து, இடையில் இருக்கிற சவ்வை மட்டும் கீறி, தொடையைப் பின்பக்கம் மடக்கினார். பொளக்கென்று மூட்டு கழன்று வெள்ளையாக வெளியே வந்தது. அந்த இடத்தில் அரிவாளை ஓட்டினால் வெண்ணெய் மாதிரிப் போகிறது. ஒரு சில்லு கிடையாது. இறக்கையும் அதே கதைதான். நெஞ்சுக்கு நடுவில் மேடு மாதிரி ஓர் எலும்பு ஓடும். அதன் இரண்டு பக்கமும் எலும்பை ஒட்டியே கத்தியை இறக்கிக்கொண்டு வந்தால் கறி இரண்டு கதுப்பாகக் கழன்று வரும். இதை மட்டும் நான் செய்தேன். எலும்பில் கறி ஏகமாக ஒட்டிக்கொண்டிருந்தது. "விடு, அது எங்க போவப் போவுது, ரசத்துக்குத்தான?" என்றார். அன்றைக்கு முழுக் கோழியும் பிரிக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஐந்தாவது வாரம் நானே தனியாகப் பதினைந்து நிமிஷத்தில் முடித்தேன்.

அரிவாள்மனை இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். "தொடை ரெண்டும் தனியா, நெஞ்சு தனியா, முதுகு தனியா" என்று சொன்னால் கடையிலேயே பிரித்துக் கொடுக்கிறார்கள். ஞாயிறு பத்து மணிக்குப் போய் இதைக் கேட்டால் மட்டும் பின்னால் நிற்பவர்கள் நம்மைத் திட்டுவார்கள்.

பிரித்ததை ஒவ்வொன்றாக நிறுத்தேன். இரண்டு முழுக்கால் 430 கிராம். எலும்பில்லாத நெஞ்சுக்கறி 420. இறக்கை 110. ஈரல், இரைப்பை, இதயம் 90. கழுத்து 60. முதுகும் விலாக்கூடும் 340. நெஞ்சுக்கறியைக் கடையில் போன்லெஸ் என்று வாங்கினால் அது மட்டுமே 151 ரூபாய். மிச்சம் ஒரு கிலோவுக்கு மேல் இருப்பதற்கு நான் கொடுத்தது 179-தான் என்று அப்போதுதான் உறைத்தது.

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. குழாயைத் திறந்துவிட்டுக் கோழியை அலசினால் தெறிக்கிற நீரோடு கிருமியும் திண்டு, பாத்திரம், பக்கத்தில் இருக்கும் தக்காளி எல்லாவற்றிலும் போய் உட்காரும். கழுவவே வேண்டாம், நன்றாக வெந்தால் போதும் என்பதுதான் சரி. ஆனால் மஞ்சள் போட்டுக் கழுவாத கோழியை எங்கள் அடுப்பில் ஏற்ற முடியாது. அந்தச் சண்டைக்கு நான் தயாராக இல்லை. அகலமான பாத்திரத்தில் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கையால் அலசி எடுத்து, தொட்டியையும் திண்டையும் சோப்பு போட்டுத் தேய்ப்பது என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

ஞாயிறு குழம்புக்குக் காலும் இறக்கையும். மொத்தம் 540 கிராம், ஐந்து பேர். முன்பு ஒன்றேகால் கிலோ போட்ட சட்டி. துண்டு எண்ணிக்கையில்தான் வீட்டில் போர் மூளும் என்பதால் யோசித்து வெட்டினேன். கணுக்கால் பக்கத்து லெக் பீஸ் இரண்டும் உடையாமல் பிள்ளைகளுக்கு. மேல்தொடை இரண்டையும் இரண்டிரண்டாக, இறக்கைகளையும் இரண்டிரண்டாக. பத்துத் துண்டு, ஆளுக்கு இரண்டு.

சட்டி காலியாகத் தெரிந்ததற்குப் பண்ருட்டி கைகொடுத்தது. மே மாதம் அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற யார் வீட்டிலும் பலாக்கொட்டைக்குப் பஞ்சமில்லை. சுளையைத் தின்றுவிட்டு ஆபீஸிலேயே கொட்டையை ஒரு பையில் சேர்த்து வைப்பார்கள். யாருக்கு வேண்டுமோ எடுத்துப் போகலாம். மேல் தோலை உரித்து, உள்ளே இருக்கிற பழுப்புத் தோலைச் சுரண்டி, பாதியாக நறுக்கி, உப்புப் போட்டுக் குக்கரில் இரண்டு விசில். இதைத் தனியாக வேக வைக்காமல் கறியோடு போட்டால், பிராய்லர் வெந்து குழைந்த பிறகும் கொட்டை கடக்கென்று இருக்கும். வெந்த கொட்டையைக் குழம்பில் போட்டுப் பத்து நிமிஷம் கொதித்தால் அதன் மாவு இறங்கிக் குழம்பு கெட்டிப்படும். தேங்காயைப் பாதியாகக் குறைத்தேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. கறியைவிடக் கொட்டைக்குத்தான் மசாலா நன்றாகப் பிடிக்கிறது. பலா ஓய்ந்த பிறகு வாழைக்காய், முருங்கைக்காய், உருளை என்று மாறிக்கொள்ளலாம், ஆனால் கொட்டைக்கு ஈடு இல்லை.

அடுத்தது எலும்பு. இதில்தான் அதிகம் தப்பு செய்தேன்.

முதல் வாரம் முதுகு, விலா, கழுத்து எல்லாவற்றையும் அப்படியே குக்கரில் போட்டு, இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி, எட்டு விசில் விட்டேன். நுரை பொங்கி வெயிட் வழியாகப் பீய்ச்சி, அடுப்பு முழுக்கச் சாம்பல் நிறக் கறை. திறந்தால் கவிச்சி. "இத ரசத்துல ஊத்துனா ரசமே கெட்டுடும்," என்று அத்தை சட்டியை நகர்த்தி வைத்துவிட்டார். முதுகெலும்பின் குழிகளில் கரும்சிவப்பாகச் சிறுநீரகமும், விலாவின் உட்பக்கம் பஞ்சு மாதிரி நுரையீரலும் ஒட்டிக்கொண்டு இருக்கும். கடையில் இதை எடுப்பதில்லை, காரக் குழம்பில் தெரிவதும் இல்லை. சாறாக இறக்கும்போது எல்லாம் அந்த ருசியாகவே வரும்.

இரண்டாவது வாரம் கட்டை விரலால் குழிகளைத் தோண்டி எடுத்துவிட்டு, எலும்பை முதலில் தனிப் பாத்திரத்தில் ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டினேன். பிறகு புதுத் தண்ணீர் இரண்டு லிட்டர், ஒரு துண்டு இஞ்சி, பத்து மிளகு, மஞ்சள். மூடாமல் கொதிக்கவிட்டு மேலே வருகிற நுரையை வழித்து எடுத்த பிறகே மூடி, ஒரு விசில் வந்ததும் சிம்மில் அரை மணி நேரம். குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றக் கூடாது. எலும்பிலும் சவ்விலும் இருக்கிற கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாற நேரமும் சூடும் வேண்டும். குக்கருக்குள் சூடு 100 டிகிரியைத் தாண்டிப் போவதால் அரை மணியில் காரியம் முடிகிறது. வடிகட்டினால் ஒன்றே முக்கால் லிட்டர். ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தால் நுங்கு மாதிரி ஆடியது. சின்னவள் ஸ்பூனால் தட்டித் தட்டி விளையாடினாள்.

எலும்பில் ஒட்டியிருந்த கறியை உதிர்த்ததில் 120 கிராம். நான் சரியாகக் கதுப்பெடுக்காததன் புண்ணியம். அதில் பாதி திங்கள் காலை முட்டைப் பொடிமாஸில் கலந்து டிபன் பாக்ஸுக்குப் போனது.

சாறில் அறுநூறு மில்லி அன்று இரவே ரசமாகிவிடும். புளி கொஞ்சமாக, மிளகும் சீரகமும் தூக்கலாக. தாளிப்புக்குக் கடுகு கூடப் போடுவதில்லை. சித்திரை வெயிலில் அத்தை உருட்டிக் காயவைத்த வெங்காய வடகத்தில் ஓர் உருண்டையை உதிர்த்து நல்லெண்ணெயில் பொரிக்க வேண்டும். சின்ன வெங்காயமும் பூண்டும் வெந்தயமும் கருகுகிற விளிம்பில் ஒரு வாசனை வருமே, அது வந்ததும் ரசத்தில் கொட்டி மூடிவிட வேண்டும். ஈரலையும் இரைப்பையையும் மிளகு போட்டு வறுத்துத் தொட்டுக்கொள்ள வைத்தேன். மதியம் மீந்த குழம்பை யாரும் கேட்கவில்லை, அது மறுநாள் தோசைக்கு நின்றது. முன்பெல்லாம் நாய்க்குப் போன எலும்பு.

ஃப்ரீசர் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். மேலே சின்னப் பெட்டி, அதில் பாதி இடத்தை ஐஸ் கட்டிக்கொண்டிருக்கும். பச்சைக் கோழி கீழ்த்தட்டில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தாங்காது என்பதால் புதனுக்கும் சனிக்கும் உரியது ஞாயிறு அன்றே மேலே போய்விட வேண்டும். முதல் தடவை நெஞ்சுக்கறி முழுவதையும் ஒரே கவரில் உருண்டையாகக் கட்டிப் போட்டேன். புதன் சாயங்காலம் ஆறரைக்கு வேலையிலிருந்து வந்து எடுத்தால் செங்கல். சுவரோடு வேறு ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி சப்பாத்திக்கு உருளைக்கிழங்கு. நோட்டில் குறைப் பத்தியில் முதல் பதிவு பெரியவனுடையது: "சிக்கன் குருமான்னு சொல்லி ஏமாத்தினது."

அதற்கப்புறம் கறியை நறுக்கி, தயிர், இஞ்சி பூண்டு, மிளகாய்த்தூள், உப்பு தடவி, புதன் 200 கிராம், சனி 220 கிராம் என்று இரண்டு கவரில் போட்டு, காற்றை வெளியேற்றிச் சப்பாத்தி மாதிரித் தட்டையாக அழுத்தி, எவர்சில்வர் தட்டின்மேல் வைத்து உறைய வைக்கிறேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கீழ்த்தட்டுக்கு மாற்றினால் மாலைக்குள் இளகிவிடும். வெளியில் திண்டில் வைத்து இளக்குவது மே மாதக் கடலூரில் ஆபத்து. மேல்பக்கம் கெட ஆரம்பிக்கும்போது நடுவில் இன்னும் ஐஸ் இருக்கும்.

ஒரு வாரத்துக்கு மேல் சேர்த்து வைப்பதில்லை என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. புரட்டாசியிலும், மாலை போடுகிற கார்த்திகையிலும் கோழி விலை இறங்கும். பல்லடத்தில் பிராய்லர் பண்ணை விலையைத் தினமும் நிர்ணயிக்கிறார்கள். வாங்குகிற ஆள் குறைந்தால் அது நம்ம ஊர்ப் பலகை வரை இறங்கி வரும். 2024 கார்த்திகையில் விலை குறைந்ததைப் பார்த்துக் கெட்டிக்காரத்தனமாக மூன்று கிலோ வாங்கி அந்தச் சின்னப் பெட்டியில் திணித்து வைத்தேன். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. கரண்ட் இல்லை, கடை இல்லை, அப்புறம் தென்பெண்ணையில் வெள்ளம். இரண்டாம் நாள் ஃப்ரிட்ஜின் அடியில் சிவப்பாகத் தண்ணீர் வடிந்தது. மூன்று கிலோவும் குழி தோண்டிப் புதைத்தோம். ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடா ஓரம் இருப்பவர்கள் ஃப்ரீசரை நம்பிச் சேமிக்கக் கூடாது.

சாறிலும் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டேன். மே நடுவில் ஒரு ஞாயிறு இரவு களைப்பில், வடிகட்டிய சாறை மூடி அடுப்பின்மேலேயே விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் ஒரு கொதி விட்டால் போச்சு என்று நினைப்பு. மூடியைத் திறந்ததும் குமிழி, புளிச்ச வாடை. கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். கிருமி செத்தாலும் அது விட்ட நஞ்சு சாகாமல் இருக்கக்கூடும், கொட்டிவிடுவதுதான் புத்தி. இப்போது வடிகட்டியதும் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, இரண்டு தரம் தண்ணீரை மாற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே தள்ளிவிடுகிறேன். ஜெல்லியாக இருப்பதை ஒரு லிட்டர் டப்பாவில் போட்டுச் சனிக்கிழமைக்கு உறைய வைக்கிறேன்.

அந்த வாரம் சாறு இல்லாததால் சனிக்கிழமை பழையபடி பார்சல் வந்தது. அப்போதுதான் ஒன்று புரிந்தது. அதற்கு முந்தைய இரண்டு சனிக்கிழமையும் பார்சல் வாங்கவில்லை, பெரியவனும் கேட்கவில்லை. ஏனென்றால் குஸ்கா இருந்தது.

குஸ்கா என்றால் வெறும் மசாலா சோறு என்று நினைக்க வேண்டாம். சீரக சம்பா மூன்று டம்ளர், கழுவி இருபது நிமிஷம் ஊறல். எண்ணெயும் ஒரு ஸ்பூன் நெய்யும் காய்ந்ததும் பட்டை, கிராம்பு, ஏலக்காய், பிரியாணி இலை. மூன்று பெரிய வெங்காயத்தை நீளமாக நறுக்கிப் பொன்னிறம் தாண்டிச் சிவக்க விட வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கடைசி வரை வெளிறித்தான் இருக்கும். இஞ்சி பூண்டு விழுது, புதினா, மல்லி, தக்காளி, தயிர், மிளகாய்த்தூள். அப்புறம் தண்ணீருக்குப் பதில் சாறு, ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்றே முக்கால் டம்ளர். கொதித்ததும் அரிசி, தண்ணீரும் அரிசியும் சமமாக வந்ததும் மூடி, தோசைக்கல்லின்மேல் சட்டியை ஏற்றிப் பதினைந்து நிமிஷம் தம். ஜெலட்டின் இருப்பதால் ஒவ்வொரு அரிசியும் லேசாகப் பளபளக்கும், உதட்டில் ஒட்டும். கடை பிரியாணியில் நாம் தேடுவது பாதி அந்த ஒட்டல்தான். உதிர்த்த கறியில் எடுத்து வைத்த மிச்சப் பாதியைத் தம் போடும்போது தூவிவிடுவேன். இது இரண்டாவது சனிக்கிழமை வந்த யோசனை, முதல் வாரக் குறைப் பத்தியில் "குஸ்காவுல கறி எங்க?" என்று ஒரு வரி இருந்தது.

கூடவே 220 கிராம் நெஞ்சுக்கறியில் 65. நெஞ்சுக்கறி வறண்டு நார் மாதிரி ஆவதற்குப் பெரிதாக வெட்டி அதிக நேரம் வேகவிடுவதுதான் காரணம். நார் ஓடுகிற திசைக்குக் குறுக்கே, சுண்டு விரல் நகம் அளவுக்கு மெல்லிசாக வெட்டினால் ஒரு நிமிஷத்தில் பொரிந்துவிடும். பொரிக்கும் முன் ஒரு முட்டை, இரண்டு ஸ்பூன் சோளமாவு, ஒரு ஸ்பூன் அரிசி மாவு. எண்ணினால் முப்பதுக்குப் பக்கத்தில் துண்டு வருகிறது. கடைசியில் அதே எண்ணெயில் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் பொரித்து மேலே போட்டால் தட்டு நிறைந்து தெரியும். அரிசி, எண்ணெய், வெங்காயம், நெய், மசாலா, முட்டை எல்லாம் கணக்குப் பார்த்தால் சனிக்கிழமைக்கு 150 ரூபாய் கூடுதல். பார்சல் 480.

புதன் குருமாவில் 200 கிராம்தான் கறி. பச்சைப் பட்டாணியும், கம்பெனியில் எங்களுக்கு விலை குறைத்துக் கொடுக்கிற உடைசல் முந்திரியும் மிச்சத்தை நிரப்புகின்றன.

முதல் நாலு வாரக் கணக்கை எழுதிவிடுகிறேன். பழைய முறையில் வாரம் 960 வீதம் 3840 ஆகியிருக்கும். புது முறையில் கோழி 330, சனிக்கிழமைச் செலவு 150, முட்டை, பட்டாணி போன்றவற்றுக்கு 40, ஆக வாரம் 520. ஒன்றரைக் கிலோக் கோழி கிடைத்த வாரத்தில் கொஞ்சம் முன்பின் ஆனதை விட்டுவிட்டேன். மூன்று வாரம் 1560. சாறு புளித்த வாரம் பார்சலோடு 850. மொத்தம் 2410. மிச்சம் 1430 ரூபாய்.

இந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. வாரம் 440 மிச்சம் என்றால் அதில் கறிக்கடையில் மிச்சம் பிடித்தது வெறும் 110. மற்ற 330-ம் சனிக்கிழமைப் பார்சலை நிறுத்தியதில் வந்தது. உயிர் எடை, கறி எடை என்று நான் வகுத்துப் பெருக்கியதெல்லாம் சில்லறை. "இதுக்கு நேரா பார்சல நிறுத்தியிருக்கலாமே," என்றார் என் கணவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தோம், மூன்றாவது வாரமே திரும்ப ஆரம்பித்ததை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். வாங்கப் போனதே அவர்தான். அந்த எலும்புச் சாறு இல்லாமல் பார்சல் நிற்காது.

சரிவராதவையும் உண்டு. தோலோடு வாங்கினால் கிலோவுக்கு இருபது ரூபாய் குறைவு, தோலை உருக்கிக் கொழுப்பு எடுத்துத் தாளிக்கலாம் என்று ஒரு வாரம் முயன்றேன். கொழுப்பு நன்றாகத்தான் வந்தது. வாடை வெளியே போக இரண்டு நாள் ஆனது. மாடி வீட்டிலிருந்து வந்து விசாரித்தார்கள். அதோடு விட்டேன். எலும்பு வேகவைக்க எவ்வளவு கேஸ் ஆகிறது என்று பார்க்கச் சிலிண்டரைத் தொங்கு தராசில் மாட்டினேன். அந்தத் தராசு 50 கிராமுக்குக் கீழே காட்டாது, முன்னும் பின்னும் ஒரே எண். எப்படிப் பார்த்தாலும் அப்போது கேஸ் கிலோ அறுபது ரூபாய்ச் சொச்சம்; அரை மணி சிம்மில் சில ரூபாய்க்கு மேல் போகாது என்று விட்டுவிட்டேன்.

குறைப் பத்தியில் கடைசியாக இருப்பவை: சின்னவள், "லெக் பீஸ் ஓக்கே." கணவர், "பலாக்கொட்டை நல்லாருக்கு, வாரா வாரம் வேணாம், வயிறு உப்புது." அத்தை எதுவும் எழுதச் சொல்லவில்லை, கோழி வந்ததும் அரிவாள்மனையை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, மேலே நின்று பார்க்கிறார்.

ஜூன் இரண்டாவது ஞாயிறு மறுபடி ஐந்து தட்டையும் வழித்து நிறுத்தேன். 150 கிராம், எல்லாம் சுத்தமாகக் கடித்த எலும்பு. தடை முடிந்து விசைப்படகுகள் கிளம்பிய வாரம், அத்தை மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கிலோ சங்கரா வாங்கி வந்தார். தலைகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தராச எடுத்துட்டு வரவா?" என்று கேட்டேன்.

"கொழம்புல போடறதுக்கு எதுக்குடி தராசு? போய்ப் புளியக் கர."